தப்பை எல்லார் முன்னாலும் சொல்வது

ஒரு குழுவின் பழக்கங்களும் மதிப்புகளும் புதிதாக வருகிறவர்களுக்கு எப்படித் தொற்றுகின்றன என்பதை அளந்து காட்டுகிறேன் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கணினி ஆசிரியை நான். கடைசித் தேதி நெருங்கியபோது திமிரெல்லாம் போயிருந்தது. நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கியாயிற்று. இந்த முறை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

நான் அளந்தது எங்கள் குழுவைத்தான். விழுப்புரம், திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பள்ளியின் கணினி அறையில் கூடுவோம். மற்ற நாட்களில் மின்னஞ்சல். வெளியூர்க்காரர்களும் அதில் எழுதுவார்கள். இந்த மாதிரிக் குழுக்களுக்கென்று ஒரு தர்மம் உண்டு: தப்பு யாருடையதானாலும் எல்லார் முன்னாலும் சொல், தனியாகப் போய்க் கிசுகிசுக்காதே. எங்கள் ஆட்களுக்கோ அது உயிர் போகிற காரியம். நான் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டால் குழுவில் மூச்சு விட மாட்டார்கள். வீட்டுக்குப் போன் வரும். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா பாத்துக்கினு இருந்தேன்..." என்று ஆரம்பித்து, மாமியார் உடம்பை விசாரித்து, வெயிலைத் திட்டி, கடைசியில்தான் விஷயம் வெளியே வரும். குழுவிலோ எந்நேரமும் ஒருவருக்கொருவர் நன்றிதான்.

இது காலப்போக்கில் மாறியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. குழுவின் மடல்களையெல்லாம் படித்து, அடுத்தவர் தப்பைத் திருத்தும் மடல்களை ஆள்வாரியாக எண்ணுகிற கணினி நிரல் ஒன்று எழுதினேன். ஓட்டி வரைபடம் போட்டுப் பார்த்தால், எங்கள் ஊர் ஆட்களின் கோடு வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறியது. அப்பாடா! அந்தக் கோடு வயிற்றில் பாலை வார்த்தது. "போதும்மா, குடுத்துடு" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

கொடுப்பதற்கு முன் நிரலைக் குழுவில் பகிர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கெஞ்சியே கேட்டேன்: "என் வேலையில தப்பு இருந்தா தயவு பண்ணி போன் பண்ணாதீங்க. குழுவுலயே எழுதுங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலைகளைப் பார்த்து, எவரும் எழுதப்போவதில்லை என்று தைரியமாக வீட்டுக்கு வந்தேன். என் கோடு சொன்னதும் நான் நம்பியதும் நேர் எதிர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வாரமே ஒரு மடல் வந்தது. எழுதியவர் விழுப்புரத்தில் வங்கி வேலையில் இருந்த சார். என்னைவிட வயதில் பெரியவர், இத்தனை வருஷத்தில் குழுவில் ஒருத்தரையும் குறை சொல்லாதவர். "மேடத்தின் நிரலில் ஒரு தவறு உள்ளது. பதில் மடல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் பழைய மடலையும் அது எண்ணிவிடுகிறது."

பழைய மடல்களைத் திறந்து பார்த்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் ஏதோ தப்பைத் திருத்துவார். எங்கள் ஆள் அதற்கு மேலே "நன்றி" என்று மட்டும் போடுவார். அடியில் கிடக்கும் திருத்தம் எங்கள் ஆள் கணக்கில் ஏறிவிடும். நிரலைச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். கோடு தரையோடு படுத்துவிட்டது. ஏறியதெல்லாம் வெறும் நன்றி.

"அந்த மடல எவன் படிக்கப் போறான்? நீ பாட்டுக்குக் குடுத்துட்டு வா" என்றார் என் கணவர். "அந்த ஆளு போன்ல சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சா பூட்டாரு?"

எனக்கும் அதே ஆத்திரம்தான். போனை எடுத்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கத்தினேன். "ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா சார்? என் படிப்பே போச்சு!"

"நீங்கதான மேடம் அவ்ளோ கெஞ்சிக் கேட்டீங்க" என்றார். "எழுதறதும் அழிக்கறதுமா இருந்தேன். சோறு எறங்கல. ஒரு பொம்பள படிப்புல கைய வெக்கிறியேன்னு வீட்டுல திட்டிக்கினே இருந்தாங்க. நீங்க கேட்டதாலதான் அனுப்பிச்சேன். வேணும்னா, நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு இப்பவே ஒரு மடல் போட்டுடறேன் மேடம்."

போடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் போட்டிருப்பார். எனக்குப் பட்டமும் கிடைத்திருக்கும்.

"வேணாம் சார். சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, கணவர் முன்னாலேயே ஓவென்று அழுதேன்.

புதிய கோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். தரையோடு போன கோட்டின் கடைசியில் தனியாக நின்ற புள்ளியின் மேல் அவர் விரலை வைத்தார்.

"இது என்னம்மா?"

"என் நிரல் தப்புன்னு சொன்ன மடல், சார்."

"ஒரு புள்ளிய வெச்சிக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆய்வேட்டைக் கொடுக்க முடியாமல், அந்த மாதமே என் பதிவு ரத்தானது.