விருந்தாளி என்று ஒரு குருவி

அந்தக் குருவிக்குச் செந்தலைப் பூங்குருவி என்று ஒரு பெயர் இருப்பது தெரியவந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாமரம், ஒரு பலா, அம்மா எத்தனை பெருக்கினாலும் தீராத சருகு. மழை கொஞ்சம் ஓய்ந்து காலையில் பனி விழத் தொடங்கும்போது அந்தக் குருவி வந்துவிடும். மைனாவைவிடக் கொஞ்சம் சிறிசு. தலையும் மார்பும் ஆரஞ்சுச் சுளை நிறம், முதுகு சாம்பல் கலந்த நீலம். ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டிப் போட்டு, அடியில் இருக்கும் புழுவைக் கொத்தும். கொல்லைக் கதவு கிறீச்சிட்டால் போதும், கிளையில் ஏறி அசையாமல் உட்கார்ந்துவிடும்.

கிட்டத்தட்ட அதே நாட்களில் அத்தையும் வருவார். அப்பாவின் அக்கா. மாமா வடக்கே, மத்தியப் பிரதேசத்து இடார்சியில் ரயில்வே கார்டு. பிள்ளைகள் இல்லை. அத்தைக்கு இழுப்பு நோய். அந்த ஊர்க் குளிரில் மூச்சுவிட முடியாமல் திணறுவார் என்பதால், குளிர்காலத்தில் அங்கே இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே வருஷாவருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஈஸ்டர் முடிந்துதான் திரும்புவார்.

குருவியை முதலில் கவனித்தவர் அத்தைதான். அதன் பெயர் என்ன என்று எல்லோரையும் துளைத்தெடுத்தார். அப்பா யாரையோ விசாரித்துவிட்டு வந்து, இங்கிலீஷில் "த்ரஷ்" என்றார். அத்தை அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, தும்முற மாதிரி இருக்கு" என்றார். கடைசியில் முடிச்சூரிலிருந்து பால் கொண்டுவருகிறவரிடம் கேட்டார்.

"அதுக்கு இன்னாத்துக்கும்மா பேரு? பனிக்கு வருது, வெயிலு வந்தா பூடுது. விருந்தாளின்னு வெச்சுக்கோயேன்" என்றார் அவர்.

அத்தைக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று முதல் எங்கள் வீட்டில் அது விருந்தாளி. "ஏய், விருந்தாளி வந்தாச்சு, சத்தம் போடாம வா" என்று என்னை ஜன்னலுக்குக் கூப்பிடுவார்.

நான் சொல்லும் வருஷத்தில் எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து நாலு மாதம். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அத்தையால் அடுப்புப் புகையில் நிற்க முடியாது. வெளியே உட்கார்ந்து காய் நறுக்கித் தருவார், தொட்டிலை ஆட்டுவார், அவ்வளவுதான். அவர் வேது பிடிக்கக் காலையும் மாலையும் வெந்நீர் வைத்துத் தர வேண்டும். எனக்கும் என் குறை ஒன்று இருந்தது. அத்தை வந்தால் என் கட்டில் அவருக்குப் போய்விடும், எனக்குப் பாய்தான்.

ஒருநாள் துணி உலர்த்தும்போது அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார்: "மரத்தடியில ஒரு விருந்தாளி, வீட்டுக்குள்ள ஒரு விருந்தாளி. ரெண்டும் ஈஸ்டர் முடிஞ்சாத்தான் கிளம்பும்." இருவரும் சிரித்தார்கள். அலுப்பில் வந்த பேச்சு அது. அடுத்த நிமிஷமே அம்மா அதை மறந்திருப்பார். எனக்கோ அதைவிடக் கெட்டிக்காரத்தனமான பேச்சை வாழ்க்கையில் கேட்டதில்லை என்று தோன்றியது. அதைச் சொல்லிக் காட்ட ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சபைப் போதகரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். போதகர் மனைவி பேச்சோடு பேச்சாக, "எப்போ ஊருக்குத் திரும்புறீங்க அக்கா?" என்று கேட்டார்.

அத்தை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அத்தையும் அந்த விருந்தாளிக் குருவியும் ஒண்ணு. ரெண்டும் ஈஸ்டர் முடிஞ்சாத்தான் கிளம்பும். அம்மா சொன்னாங்க."

முதலில் சிரித்தவர் அத்தைதான். பிறகு போதகரும் சிரித்தார். அவர் மனைவி காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சு முறுக்குத் தட்டோடு சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தார். கிளம்பும் என்று அத்தையை அஃறிணையில் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை. யாரும் திட்டாததால், நன்றாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை அத்தை கேட்பதற்கு முன்னாலேயே வெந்நீர் வந்தது. "அண்ணி, குழந்தை ஏதோ உளறிடுச்சு" என்று அம்மா ஆரம்பித்தார்.

"உளறலா? குருவிக்கு அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டதே நான்தானே" என்று அத்தை சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஆவியில் குனிந்தார். அம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள், மாமாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, அவருக்குக் காய்ச்சல், உடனே புறப்பட வேண்டும் என்றார் அத்தை. தபால்காரரிடம் கடிதம் வாங்குவது என் வேலை. அந்த வாரம் இடார்சியிலிருந்து எதுவும் வரவில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் கட்டில் திரும்பக் கிடைக்கப்போகிறது. வாயைத் திறக்கவில்லை.

"கிறிஸ்துமஸ் முடிச்சுட்டுப் போகலாமே அண்ணி" என்று வாசலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு முடியலைன்னா நான் இங்க எப்படிம்மா உட்கார்ந்திருப்பேன்?" என்றார் அத்தை.

சென்ட்ரல் வரைக்கும் வழியனுப்ப நானும் போனேன். தாம்பரம் ஸ்டேஷனில் அப்பா டிக்கெட் வாங்கப் போயிருந்தார். பெஞ்சில் அத்தையும் நானும். அத்தை விளையாட்டாகக் கேட்பதுபோல, "அடுத்த வருஷம் வரட்டுமா?" என்றார்.

தோழி வீட்டுக்குப் போவதென்றாலும், யாராவது மிட்டாய் கொடுத்தாலும் அம்மாவைக் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண் நான்.

"அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் அத்தை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் ரிப்பனை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். "சரி, கேட்டுச் சொல்லு. ஒரு தபால் கார்டுல ரெண்டு வரி எழுதினாப் போதும்."

சென்ட்ரலில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு பெரிய இன்ஜின். அப்பா எனக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் படித்துக்கொண்டு வந்தேன். அம்மாவைக் கேட்க மறந்துவிட்டேன்.

மறுவருஷம் அத்தை வரவில்லை. வரச்சொல்லி அப்பா இரண்டு கடிதம் போட்டார். உடம்பு இப்போது தேவலை, இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த ஜனவரியில், அத்தை இறந்துவிட்டதாகத் தந்தி. மாமா சரக்கு வண்டியோடு வெளியூர் போயிருந்த சமயம், குவார்ட்டர்ஸில் அத்தை தனியாக இருந்திருக்கிறார்.

அப்பா இடார்சிக்குக் கிளம்பிய பிறகு அம்மா கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதார். பக்கத்து வீட்டு அக்கா அருகில் இருந்தார்.

"கோபம்னா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவரு எழுதினாரே தவிர, நான் ஒரு வரி எழுதலை. எந்த முகத்தோட எழுதுறது? 'நான் வரட்டுமா'ன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, நானே ரயிலேறிப் போய்க் கூட்டிட்டு வந்திருப்பேனே."

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சும் அத்தை கேட்டதும் எனக்கு நன்றாகவே நினைவிருந்தன. ஆனால் அத்தை அங்கே கேட்டது என்னைத்தானே, அம்மா சொல்வது வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.