சாரலா, மழையா?

முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும்: கட்சிக்காரர் சொல்வதில் பாதியை நம்பினாலே நாம் அப்பாவி. எழுபதுகளில் தென்காசியில் நடந்த அண்டா வழக்கின் முடிவைப் பற்றிக் கேட்டதை நானும் பல வருஷமாக நம்பவில்லை.

பிராது

அச்சன்புதூர் மாடசாமி அண்ணாச்சி தன் பித்தளை அண்டாவைக் குற்றாலத்தில் இட்லிக் கடை போட்ட கந்தையாவுக்கு இரவல் கொடுத்தார். "சாரல் முடிஞ்சதும் தாரேன்" என்பது பேச்சு. ஆனி, ஆடியில் அடிக்கும் குற்றாலச் சாரல் ஆவணியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசியில் கேட்கப் போனால், "இன்னும் சாரல் முடியலியே" என்றானாம். அண்டாவில் அண்ணாச்சியின் இறந்துபோன மனைவி பெயர் வெட்டியிருந்தது. மகள் கல்யாணச் சாம்பார் அதில்தான் கொதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

சாரல் முடிவது எந்த மாதம் என்று பிராதில் எழுத, எனக் கேட்டேன்.

"சாரல் எப்ப முடியும்னு எங்கூரு ஆடு மாட்டுக்கே தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாமலா போவும்?"

நானும் மாதம் போடாமல், 'சாரல் முடிந்ததும்' என்றே எழுதிவிட்டேன்.

குறுக்கு விசாரணை

முன்சீப் வெளியூர்க்காரர். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"நீர் அண்டா கேட்டுப் போன அன்று தூறியதா?"

"தூறிச்சு. ஆனா அது சாரல் இல்ல, ஐப்பசி மழை."

"தூறினால் சாரல்தானே?"

முன்சீப் தலையாட்டினார். கெடு முடியுமுன் கேட்டது தப்பு என்று வழக்கு தள்ளுபடி. மாதத்தை நான் எழுதியிருந்தால்? இன்றும் உறுத்துகிறது. அண்ணாச்சி படியிறங்கும்போதே கொதித்தார்.

"மவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? அண்டாவும் போச்சு, மழையைச் சாரல்னும் எழுதிட்டாக! அப்பீல் போடுங்க."

அப்பீல்

திருநெல்வேலியில் விசாரணை. காய்ச்சலால் நான் போகவில்லை. சாயங்காலம் அண்ணாச்சி வந்து, தானே எழுந்து ஜட்ஜிடம் பேசியதாகச் சொன்னார்:

"சாமி, சாரலுக்கு எங்கூருல எவனும் குடை பிடிக்க மாட்டான். நான் கேட்டுப் போன அன்னைக்கு, இந்தக் கந்தையா குடையைப் பிடிச்சிக்கிட்டுல்லா வாசலுக்கு வந்தான்!"

ஜட்ஜ் சிரித்துவிட்டாராம். அப்பீல் ஜெயித்தது நிஜம். அந்த அண்டாச் சாம்பாரைக் கல்யாணத்தில் நானும் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டேன். ஆனால் அப்பீலில் வக்கீல்தான் பேசுவார்; கட்சிக்காரரை வாய் திறக்க விடமாட்டார்கள். எங்கள் வக்கீலைக் கேட்டால் மீசைக்குள் சிரிப்பார்.

சொல்ல வேண்டிய பதில் கோர்ட் வாசலைத் தாண்டிய பிறகே நாக்குக்கு வரும் என்பது நம் எல்லோரும் பட்டதுதானே? போன வாரம் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த மாடசாமி அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டேன்:

"அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுங்க. அந்தக் குடை ஜட்ஜுக்கு முன்னால ஞாபகம் வந்துச்சா, திரும்பி வாறப்ப பஸ்ஸிலயா?"