சாம்பல் தண்ணீர்

மகள் வேலை பார்க்கும் சின்ன ஊர் ஈக்வடாரில், ஆண்டிஸ் மலையில் இருக்கிறது. ஊருக்கு நேர் எதிரே எரிமலை. அதைக் கண்காணிப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். பூம்புகார் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யாராவது கேட்டால், "மலைக்குக் காவல் காக்குறா" என்பேன். அவள் அம்மா போன பிறகு, "இங்க வந்து என்கூடவே இருங்கப்பா" என்று ஒவ்வொரு போனிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாகக் கிடக்கும் அப்பன் மேல் இரக்கம். எனக்கு யாரும் இரக்கப்பட்டால் பிடிக்காது. இருந்தாலும் கோடையில் வயல் சும்மாதானே கிடக்கிறது, ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்று போனேன். ஒத்துவந்தால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவளோடு இருப்பது. இல்லையென்றால் மேட்டூர் திறப்பதற்குள் திரும்பி, குறுவைக்கு நாற்று விடுவது.

ஒத்துவரவில்லை. காலையில் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரை நானும் எரிமலையும்தான். அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கும். ஊரில் ஒருவரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. டீக்கடை கிடையாது, இருந்தாலும் நான் போய் என்ன பேசுவது? எங்கள் ஊரிலும் தனியாகத்தான் இருக்கிறேன், ஆனால் சண்டை போடவாவது நாலு பேர் உண்டு. இங்கே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

ஊருக்குத் திரும்பக் கொஞ்ச நாளே இருந்தபோது மலை சாம்பல் கக்கியது. கூரை, கார், இலை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. அது ஓய்ந்ததும் வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் நடக்கக் கிளம்பினேன். ஊருக்கு வெளியே மக்காச்சோளக் கொல்லைகள். மலைமேல் எங்கோ மழை பெய்திருக்க வேண்டும், வாய்க்கால் நிறையக் கலங்கல் தண்ணீர். ஆனால் பயிர் வாடி நின்றது. மடையைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள்.

நான் கடைமடைக்காரன். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் கண் பூத்துவிடும். முதல் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். வண்டலைக் கொண்டுவருகிறது என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வயலுக்குத் திருப்புவோம். அப்படிப்பட்டவன் முன்னால் தண்ணீர் வீணாக ஓடினால் கை சும்மா இருக்குமா? கல்லைப் புரட்டி, காலால் மண்ணைத் தள்ளி, மடையைத் திறந்துவிட்டேன். பாத்தியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன். அந்த ஊருக்கு வந்து அன்றுதான் சந்தோஷமாக இருந்தேன்.

கொல்லைக்கு உரிய அம்மா ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். முதலில் மடையை அடைத்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். பாஷை தெரியாவிட்டாலும் திட்டு வாங்குவது புரிந்தது. வேறு வழி தெரியாமல் மகளுக்கு போன் போட்டேன். ஜீப்பில் வந்து இறங்கியவள் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"இது வண்டல் இல்லப்பா, சாம்பல். காஞ்சா சிமெண்டு மாதிரி இறுகிடும். அதனாலதான் எல்லாரும் மடைய அடைச்சிட்டு, தண்ணி தெளியட்டும்னு காத்திருக்காங்க."

மூன்று பேரும் குனிந்து சேற்றை வழித்துக் கரையில் போட்டோம். வழிக்க முடிந்தது கொஞ்சம்தான். அந்த அம்மா என் பக்கம் திரும்பாமல், வேரோரம் ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "எனக்கு இந்த ஊர் சரிப்படாதும்மா. அங்க தனியா இருந்து பழகிட்டேன். என்னை நெனச்சுக் கவலப்படாத. சொன்ன தேதிக்குக் கெளம்பிடறேன்."

அவள் கையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள்.

"உங்கள நெனச்சுக் கவலப்பட்டுக் கூப்பிடலப்பா. மலை சத்தம் போட்டா எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்கு வந்து கதவத் திறந்தா யாருமில்ல. எனக்குத்தான் முடியல."

மலையோடேயே வேலை செய்கிறவளுக்கு மலையைக் கண்டு பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் ஒருவன்தான் காலி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். குறுவை போனால் போகட்டும்.

"டிக்கெட்டத் தள்ளிப்போட முடியுமான்னு பாரேன்" என்றேன்.

"முடியும்ப்பா" என்றாள். "நீங்க வந்த அன்னைக்கே பாத்து வச்சிட்டேன்."