எட்டாத கேமரா

சேலத்துக் கடைக்காரர் இரண்டு கேமராக்களையும் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தபோதே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பேசினார். இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தையில் மாட்டுத் தரகனும் இப்படித்தான் செய்வான். அவன் தடவுகிற மாட்டை விட்டுவிட்டு, தடவாத மாட்டின் பல்லைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அவர் தடவியது நீள மூக்கு வைத்த கேமரா. பொத்தானை அழுத்தினால் மூக்கு இன்னும் வெளியே வரும்.

"பாருங்கம்மா, எல்லாமே இது ஒண்ணுலயே அடக்கம். வேற லென்சே வாங்க வேண்டாம்" என்று சொல்லி, ரோட்டுக்கு எதிர்ச்சாரியில் மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பிடித்துக் காட்டினார். அவள் வாயில் கடித்திருந்த கிளிப்பு வரைக்கும் தெரிந்தது.

"அந்தப் புள்ளைகிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"எதுக்குங்கம்மா?"

"படம் புடிக்கறதுக்கு."

அவர் சிரித்துக்கொண்டு அடுத்த கேமராவை எடுத்தார். அது கறுப்பாக, சப்பையாக இருந்தது. மூக்கு குட்டை. மிரர்லெஸ் என்றார். கல்யாணப் படம் எடுக்கும் பெரிய ஆட்கள் எல்லாம் இப்போது இதைத்தான் வைத்திருக்கிறார்களாம். என்னை நிற்கச் சொல்லித் தூக்கிப் பிடித்தார். நானும் சேலையை இழுத்துச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன்.

"எடுத்தாச்சுங்கம்மா. மூச்சு விடுங்க."

"சத்தமே வரல்லியே?"

"உள்ள ஆடற கண்ணாடி இதுல இல்லீங்க. சத்தத்தச் சுத்தமா நிறுத்தியும் வெச்சுக்கலாம்."

சத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தால் எனக்குப் பிடிக்காது. படத்தைக் காட்டினார். வெள்ளைச் சேலையில் விறைத்துப்போய் நின்றேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

கேமரா எனக்கு இல்லை, என் மகளுக்கு. மருமகன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு மகள் ராசிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனாள். கேமராவைத் தொடும் வேலை இல்லை. பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர்கள் எடுத்த படத்தில் மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கி ஆல்பம் கட்டுவாள். அந்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். இனித் தானே படம் எடுக்கப்போவதாகச் சொன்னாள். முதல் வேலை என் தம்பி மகன் கல்யாணம். அது நன்றாக வந்தால் சொந்தபந்தத்தில் நாலு பேர் கூப்பிடுவார்கள். வராவிட்டால் நூல் மில் வேனில் ஏற வேண்டியதுதான். மில் வேன் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை குனிந்துகொள்ளும்.

வீட்டில் இருந்தவரை அவள் பேசியதெல்லாம் அந்தச் சப்பைக் கேமராவைப் பற்றித்தான். கடைக்கு வந்ததும் நீள மூக்கை எடுத்து வைத்துக்கொண்டு, "இதே போதும்மா" என்றாள். வீட்டில் ஒரு பேச்சு, கடையில் ஒரு பேச்சு. கடைக்காரரும் அவளும் கண்ணால் ஏதாவது பேசிக்கொண்டார்களா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"நாங்க கறந்து பாக்காம மாடு புடிக்கறதில்லீங்க" என்றேன். "ரெண்டையும் வாடகைக்குக் குடுங்க. கல்யாணத்துல வெச்சுப் பாத்துட்டு எது வேணுமோ எடுத்துக்கறோம்."

கடைக்காரர் என் மகளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். கடைசியில் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் இரண்டையும் கறந்து பார்த்தோம். நீள மூக்கை வாசலில் நின்று நீட்டினால் மரவள்ளிக்காட்டின் கடைக்கோடி தெரிந்தது. அங்கே மேய்ந்தது யார் வீட்டு ஆடு என்றும் தெரிந்தது. வெகுநாளாக எனக்கிருந்த சந்தேகம் அது. அந்த ஒரு காரியத்துக்காக அந்தக் கேமராமேல் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனால் அதையே சமையற்கட்டுக்குள் கொண்டுவந்து என்னைப் பிடித்தபோது, முகத்தில் ரவையை அள்ளித் தூவினதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. அதே இடத்தில் சப்பைக் கேமராவில் எடுத்தாள். சுவரில் தொங்கின ஒட்டடை இழை தெரிந்தது. என் கண்ணில் சன்னல் தெரிந்தது.

"ஒரே அடுப்படி, ஒரே மூஞ்சி. இதென்ன சாமி வித்தியாசம்?"

"வெளிச்சம் வந்து விழுகற தகடு இதுல பெருசும்மா. அந்த மூக்குக்காரனுக்கு நகத்தளவுதான். ஒரே மழைதான், வாசல்ல அண்டாவ வெச்சா எவ்வளவு ரொம்பும், டம்ளர வெச்சா எவ்வளவு ரொம்பும்? வெயில்ல டம்ளரே போதும். இருட்டுல பத்தாது."

"தம்பி ஊட்டுல சீரெல்லாம் விடியறதுக்கு முன்னால பந்தலுக்குள்ளதான நடக்கும்? இருட்டுல ஆவாத கேமராவ எதுக்கு எடுத்து வெச்சுக்கிட்டே?"

அவள் துடைத்த லென்சையே திரும்பத் துடைத்தாள். இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னவென்றுதான் தெரியவில்லை.

தம்பியின் மனைவிமேலும் எனக்குச் சந்தேகம்தான். புருசனின் அக்காள் என்பதால் அவள் என்னை நங்கை என்று கூப்பிடுவாள், வாய் நிறையத்தான் கூப்பிடுவாள். ஆனால் என் மகளைப் படம் எடுக்கச் சொன்னது திறமைக்காகவா, பாவம் என்றா என்பது அவள் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

கல்யாணத்தன்று விடிகாலை. தம்பி வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். அதில் ஒன்றிரண்டு ட்யூப்லைட்டு. மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன் இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அலங்கரித்து, கூடையைக் கொடுத்து நிறுத்துவார்கள். ஒரே சேலையின் ஒரு தலைப்பு அவளிடமும் மறு தலைப்பு அண்ணனிடமும் இருக்கும். தாலி கட்டும் படத்தைவிட இந்தப் படத்தைத்தான் எங்கள் சனம் பெரிதாக மாட்டி வைக்கும். அருமைக்காரர் என்று நாங்கள் சொல்லும் பெரியவர்தான் சீரை நடத்துவார். கூட நிற்கிறவர்கள் எல்லாம் புருசனோடு வாழ்கிற பெண்கள்.

நான் வழக்கம்போலத் தண்ணித்தொட்டி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. சொல்ல வைக்காமல் நானே ஒதுங்கிக்கொள்வேன். என் கௌரவம் அது. சப்பைக் கேமராப் பை என் மடியில் இருந்தது. என் மகள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொட்டிச் சுவர்மேல் கையை ஊன்றி, நீள மூக்கைப் பந்தலைப் பார்த்து நீட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பந்தலுக்குள் போகாமலே எடுக்கலாம் என்பதற்காக வாங்க நினைத்த கேமரா அது. கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், தம்பி மனைவியைச் சந்தேகப்பட்டேன். இதை யோசிக்கவில்லை.

அவள் எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள். திரும்ப எடுத்தாள். எனக்கும் காட்டினாள். முதுகுகள். சேலை முந்தானைகள். நடுவில் சந்து கிடைத்த இடத்தில் தம்பி மகளின் முகம், ரவை தூவி, கலங்கி.

"இது ஆவாது சாமி."

"தெரியுதும்மா."

அடுத்த படத்தில் தம்பி மனைவி எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு கை தூக்கியிருந்தது. நிமிர்ந்து பந்தலைப் பார்த்தேன், அதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள். மகள் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்க ஆக்கக் கை புள்ளி புள்ளியாக உடைந்துபோயிற்று.

"வாங்கன்னு கூப்புடறாளா, அங்கயே நில்லுங்கங்கறாளா?"

மகள் நீள மூக்கை மூடி வைத்தாள். "கூப்புடறாங்கன்னே வெச்சுக்கலாம்" என்றாள். "அந்தப் பையக் குடும்மா."

நான் கொடுக்கவில்லை. பையின் வாரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். உள்ளே போய், யாராவது ஒருத்தி முகம் சுளித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இந்தப் பிள்ளை மறுபடி கேமராவைத் தொடுவாளா? வாசலில் ஹாரன் அடிக்கும் வேன்தான் கண்ணில் வந்தது. பந்தலில் அருமைக்காரர் கூடையைத் தூக்கச் சொல்லும் குரல் கேட்டது.

"அதுல சத்தம் வராதில்ல?" என்றேன்.

"வராதும்மா."

"அப்பப் போ. இரு, மொதல்ல நான் போறேன்."

எழுந்து நடந்தேன். அத்தனை பட்டுச் சேலைக்கு நடுவில் என் வெள்ளைச் சேலை எங்கே நின்றாலும் தெரியும். தெரியட்டும் என்றுதான் போனேன். பார்க்கிறவர்கள் என்னைப் பார்க்கட்டும். பந்தலின் முதல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலைந்து தலைகள் திரும்பின. அருமைக்காரர் ஒரு தரம் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். தம்பி மனைவி வெற்றிலைத் தட்டோடு வேகமாக வந்தாள்.

"ஏனுங் நங்கை, இங்க வந்து நின்னுட்டீங்க?"

"நெழலுக்கு ஒதுங்குனேன்."

"இன்னும் விடியவே இல்லீங்களே, என்னங்க நெழலு?"

"விடிஞ்சா வருமில்ல. இப்பவே எடம் புடிச்சு வெச்சுட்டேன்."

பக்கத்தில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி மனைவி சிரித்தாளா என்று தெரியவில்லை, திரும்பிவிட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் என் மகள் நின்று எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தமே வரவில்லை. முடிந்து வெளியே வந்தபோதும் ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பற்றி என்ன சொன்னார்களோ, அது என் காதுக்கு வரவில்லை.

மறுவாரம் தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தாள். ஒரு படத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. தலைமேல் தூக்கிய கூடைக்குக் கீழே அவள் மகளின் முகம். கண்ணீர் இமையில் வந்து நிற்கிறது, இன்னும் விழவில்லை.

"இது எங்க நின்னு எடுத்தது கண்ணு?"

நான் தூரத்திலிருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள். "உங்க தோளுக்குப் பின்னாடிதானுங்க அத்தை."

"நான் பாக்கவே இல்லியே."

"அந்தக் கேமராவுல சத்தம் வராதுங்க."

தம்பி மனைவி குனிந்து அந்தப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு, "இதப் பெருசா பிரேம் போட்டுக் குடு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நீள மூக்கில் எடுத்த அந்தக் கை தூக்கின படத்தைக் காட்டச் சொன்னேன். "இதென்ன, எங்களக் கூப்பிட்டியா, அங்கயே இருங்கன்னியா?"

"கூப்பிட்டனுங் நங்கை. வேறென்னங்க?" என்று உடனே சொன்னாள். யோசித்துச் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். உடனே சொன்னதற்கும் சந்தேகப்படுகிறேன். அந்தப் படம் தெளிவாக இருந்திருந்தால் எனக்கு இந்தத் தொல்லை இல்லை.

நீள மூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சப்பைக் கேமராவையே எடுத்துக்கொண்டோம். கடைக்காரர் விடவில்லை. "தூரத்துக்கு ஒரு லென்ஸ் தனியா இருக்கு, பழசுதான், எடுத்துக்கங்க" என்றார். மகள் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் அவ்வளவு அவசரமாக வேண்டாம் என்றாள் என்று பஸ்ஸில் ஆத்தூர் ரோடு முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

போன மாதம் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தம்பி மனைவி வழிச் சொந்தம். மகள் மாவு கரைத்துக்கொண்டிருந்ததால் போனைச் சத்தமாக வைத்தாள். பேச்செல்லாம் நல்லபடி முடிந்தபிறகு அந்தப் பெண் இழுத்தாள்.

"சீர் நேரத்துல மட்டும் சித்த வெளிய நின்னு எடுத்துக்குவீங்களா? பெரியவங்க இருப்பாங்க, அதானுங்க."

மகள் மாவுக் கையை எடுக்கவில்லை. "என்ற கேமராவுக்குத் தூரம் எட்டாதுங்க. பக்கத்துல வந்தாத்தான் எடுக்க முடியும்."

அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரிடமோ போய்க் கேட்கிறாள் போலிருந்தது. தறி நின்றது.

"சரிங்க. பக்கத்துலயே வந்து எடுங்க."

போன் நின்றதும் நான் கேட்டேன். "அந்த லென்ச வாங்கி மாட்டியிருந்தா எட்டுமில்ல?"

"மாட்டுனா எட்டும்" என்றாள், மாவைக் கரைத்துக்கொண்டே.