குரலுக்குத் திறக்கும் பூட்டும் வாயை மூடாத நானும்

கண்காட்சியில் ஸ்டால் போட்டு நிற்பது என்றால், காலையில் ஒட்டிய சிரிப்பைச் சாயங்காலம்வரை கழற்றாமல், ஒரே பதிலை ஊருக்கெல்லாம் புதுசு போலச் சொல்வது. நின்றவர்களுக்குத் தெரியும், குதிகால் கதறிக்கொண்டிருக்கும்போதே கழுத்து தானாகச் சாய்ந்து "வாங்க சார், பாருங்க சார்" என்னும். நீங்களும் எங்கேயாவது அப்படி நின்றவராக இருந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாம் ஒரே ஜாதிக் குதிகால்.

சொந்தக் குரல் எது?

சிந்து அக்கா என் பெரியப்பா மகள். பெங்களூரில் குரலை அடையாளம் காணும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு வந்து ஒரு கதவுப் பூட்டு செய்தாள். வீட்டுக்காரர் பேசினால் திறக்கும், வேறு யார் பேசினாலும் திறக்காது. அவசரத்துக்கு மட்டும் ஒரு சாவி. பெரியப்பா பவுண்டரிக்காரர். இரும்பை உருக்கி மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிறவருக்குப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் பூட்டு எப்படிப் பிடிக்கும்? அவிநாசி ரோட்டில் நடக்கப்போகிற எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி முடிவதற்குள் ஒரு டீலராவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்காவும் ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். கண்காட்சியோ மூன்றே நாள்.

ஸ்டாலில் பேச ஆள் தேவைப்பட்டது. பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைக் கூப்பிட அக்கா ரொம்ப யோசித்தாள். காரணம் உண்டு. பள்ளிக்கூடத்து மைக்கில் தலைமையாசிரியை குரலில் ஒன்பதாம் வகுப்புக்கு லீவு விட்டவள் நான். யார் பேசினாலும் அடுத்த நிமிடம் அந்தக் குரல் என் தொண்டையில் வந்து குடியேறிவிடும், வாடகைகூடக் கேட்க மாட்டேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

"உன் சொந்தக் குரல்ல மட்டும் பேசு மித்து. அது எப்படி இருக்கும்னு நானும் கேக்கணும்."

பெருக்குகிற தம்பி

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அணைத்தால் வெறும் கண்ணாடியாகிவிடுகிற டிவி, தோசையை மடிக்கிற மாதிரி மடிகிற போன், எதிரில் இருப்பவர் இந்தி பேசினால் தமிழில் எழுத்து ஓடுகிற மூக்குக்கண்ணாடி. எங்களுக்கு நேர் எதிர் ஸ்டாலில் ஒரு மசாஜ் நாற்காலி. பக்கத்திலேயே சொன்ன பேச்சைக் கேட்டு வீடு பெருக்குகிற வட்ட மிஷின். அந்த ஸ்டால்காரர் மூக்கால் பேசுவார். நான் தூணுக்குப் பின்னால் நின்று அதே மூக்குக் குரலில் "வலது பக்கம் போ" என்றேன், போனது. "நில்லு" என்றேன், நின்றது. பாவம், அவர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், நான் சொந்தக் குரலுக்குத் திரும்பினேன்.

அந்த நேரம் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு வயசான அம்மா கால் வலிக்கிறது என்று அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மிஷின் உறுமிக்கொண்டு வந்ததும் சேலையைச் சுருட்டிப் பிடித்து, இரண்டு காலையும் தூக்கி அதற்கு வழி விட்டார். அது பெருக்கிவிட்டுப் போகிறவரை அப்படியே இருந்தார். பிறகு குனிந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற பதமாகச் சொன்னார்:

"அந்த மூலையில கொஞ்சூண்டு விட்டுப்போச்சு பாருங் கண்ணு. ஒண்ணும் அவசரமில்ல, மூச்சு வாங்கிட்டு அப்பறமாப் பண்ணுங்."

தூக்கிப் பார்க்கிற ஊர்

வேறு ஊர்களில் பொருளை வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பாராம். எங்கள் ஊரில் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். மோட்டாரும் கிரைண்டரும் செய்து பழகிய கை, கனம் இருந்தால்தான் உள்ளே சரக்கு இருக்கிறது என்று நம்பும். நான் மூச்சு விடாமல் பூட்டின் பெருமையைச் சொல்வேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருத்தர் மேஜைமேல் இருக்கிற சாம்பிளைக் கையில் எடுத்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்ப்பார். முகம் சுருங்கும். பூட்டைக் குழந்தை மாதிரிப் படுக்கவைத்துவிட்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று கிளம்பிவிடுவார்.

அக்கா உள்ளே இருக்கிற சிப்பைப் பற்றி விளக்கிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. மத்தியானம் சோமனூரிலிருந்து தறி வைத்திருக்கிற ஒருத்தர் வந்தார். பூட்டைத் தூக்கினார், காதோரம் வைத்து ஆட்டினார், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உள்ளாற ஏதோ வெக்க மறந்துட்டீங்களாட்ட இருக்குது அம்மணி. ஊட்டுக்குப் போயித் தேடிப் பாருங்க."

கிளிக்

முதல் நாள் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். சாம்பிள் கதவில் அவள் குரல்தான் பதிவாகியிருந்தது. காலையிலிருந்து அவள் "நாந்தான், கதவைத் தொற" என்று சொல்லிச் சொல்லிக் காட்டியதைக் கேட்டு என் நாக்கு அரித்துக்கொண்டே இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். அக்கா மாதிரியே கொஞ்சம் இழுத்து, கடைசியில் வெட்டி, "நாந்தான், கதவைத் தொற" என்றேன்.

கிளிக். கதவு திறந்துகொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தேன். கீழே வரும்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. வேறு ஆளுக்குத் திறக்கிற பூட்டை எந்த டீலர் எடுப்பார்? திரும்பினால் இரண்டு கையிலும் டீயோடு அக்கா. திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"உன் வாய்க்குள்ள எத்தனை பேர் இருக்காங்களோ, அத்தனை பேரையும் நாளைக்குக் காலையில கூட்டிட்டு வந்துரு."

தானாக வந்த இரும்பு

இரண்டாம் நாள் ஸ்டால் திறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டோம். என் வாழ்க்கையில் என்னை மிமிக்ரி பண்ணச் சொல்லிக் கெஞ்சிய முதல் ஆள் சிந்து அக்காதான். அவளையும் பெரியப்பாவையும் தலைமையாசிரியையையும் ஒவ்வொருவராக இறக்கினேன். "உக்கடம், குறிச்சி, மதுக்கரை, ஏறு ஏறு ஏறு" என்று பஸ் கண்டக்டரையும் விட்டுவைக்கவில்லை. அக்கா ஒவ்வொன்றையும் கேட்டு லேப்டாப்பில் பூட்டின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் காப்பியடிப்பது பேசுகிற நடையைத்தானாம், தொண்டையின் அளவை யாராலும் காப்பியடிக்க முடியாதாம். இனிமேல் பூட்டு நடைக்கு மயங்காது, தொண்டையை மட்டும்தான் பார்க்கும் என்றாள். ஸ்டால் திறக்கிற நேரத்தில் நான் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்கவில்லை. பூட்டுக்கு நல்லதுதான். எனக்குத்தான் யாரோ மூஞ்சியில் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது.

கனத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் பவுண்டரி டெம்போ வந்து நின்றது. டிரைவர் ஒரு மரப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து இறக்கினார். பூட்டுக்குப் பின்னால் கதவில் பொருத்துகிற மாதிரி, ஓட்டையெல்லாம் சரியாக அளவெடுத்து வார்த்த இரும்புத் தகடுகள். கடப்பாரையால் நெம்பினாலும் பூட்டு பெயராது. கண்காட்சிப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன் எப்போது வந்து அளவெடுத்தார் என்று கேட்டோம். டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒப்பித்தார்:

"அய்யா குடுத்துவிடலைங்க. தானா வந்துச்சுன்னு சொல்லச் சொன்னாருங்க."

சொன்னவளுக்கே திறக்கவில்லை

மூன்றாம் நாள் ஸ்டால்காரர்களின் தொண்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பழக்கப்பட்ட தொண்டை, அக்காவுக்கு இல்லை. காலையில் அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஒரு காலேஜ் கூட்டத்துக்கு முன்னால் கதவைத் திறந்து காட்டப் போனாள். "நாந்தான்" என்று கரகரத்தாள். பூட்டு அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். ம்ஹூம். செய்தவளையே அது யாரோ என்றுவிட்டது. அவசரச் சாவியைப் பையில் தேடி எடுத்துத் திறக்க வேண்டியதாயிற்று. முன்வரிசையில் நின்ற பையன் ரொம்ப அக்கறையாகச் சொன்னான்:

"பரவால்லீங்க்கா, பூட்டு ஸ்ட்ரிக்ட்டாத்தான் இருக்குது. நீங்க இன்னைக்கு எங்க தங்குவீங்க?"

ஒரே ஒரு போண்டா

மத்தியானமாகியும் எந்த டீலரும் எடுக்கவில்லை. அக்கா சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் தெய்வானை அம்மா வந்தார். கோபியிலும் அந்தியூரிலும் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறவர், குரலே பட்டறையில் தட்டிய மாதிரி கணீரென்று இருக்கும். அந்தியூர்ச் சந்தையில் குதிரைக்குப் பல் பார்க்கிற மாதிரி, இரும்புத் தகடு மாட்டிய பூட்டை முன்னும் பின்னும் பார்த்தார். தூக்கினார். அவருடைய கை லேசாகத் தாழ்ந்தது, முகம் மலர்ந்தது. வார்ப்பு சுத்தமாக இருக்கிறதே, எந்தப் பவுண்டரி என்று கேட்டார். எதிர் ஸ்டால் மசாஜ் நாற்காலியில் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்த ஒருத்தர், நாற்காலியோடு சேர்ந்து நடுங்குகிற குரலில் "ந-ந-நம்முளுதுங்க" என்றார். பெரியப்பா.

அக்காவுக்குப் பேச்சில்லாததால் நான்தான் விளக்கினேன். தெய்வானை அம்மாவின் குரலையே பதிவு செய்தோம். "நாந்தான், தொற" என்றார், திறந்தது. வேறு ஆள் பேசினால் திறக்காது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். அதற்குள், முந்தின நாள் காலையில் என் மிமிக்ரியைக் கேட்டிருந்த எதிர் ஸ்டால் மூக்குக் குரல்காரர் எட்டிப்பார்த்து, இந்தப் பொண்ணு ஊரில் எல்லோர் மாதிரியும் பேசும், அதையே பேசச் சொல்லுங்கள் என்று போட்டுக்கொடுத்துவிட்டார். முந்தாநாள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் போல.

நான் அக்காவைப் பார்த்தேன். முந்தின நாள் காலையில் என் குரல்களைக் கேட்டுப் பழகிய பூட்டுதான், ஆனால் இந்த அம்மாவின் குரலை நான் இப்போதுதான் கேட்கிறேன், பூட்டும் இப்போதுதான் கேட்கிறது. கிளிக் என்றால் அக்காவுக்கு பெங்களூர் டிக்கெட். கொஞ்சம் பிசகிப் பேசினால் தப்பிக்கலாம். அக்கா என் மனசைப் படித்தவள் மாதிரி, ஒழுங்காகச் செய் என்று விரலை ஆட்டினாள். செய்தேன். "நாந்தான், தொற." கணீரென்று. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பூட்டு அசையவில்லை.

தெய்வானை அம்மாவோ நம்பவில்லை. நான் ஸ்டால்காரர் வீட்டுப் பிள்ளை, வேண்டுமென்றே கெடுத்துப் பேசியிருப்பேன் என்றார். நியாயமான சந்தேகம்தான். என் பதினேழு வருஷத் திறமையை இப்படிச் சொன்னால் எனக்குப் பொறுக்குமா? உங்களை நன்றாகத் தெரிந்த ஒருத்தருக்குப் போன் போடுங்கள், அவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்றேன். அவருக்கே ஆசை வந்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினார். வீட்டுக்காரரிடம் என்ன பேசுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? மனைவிமார் பொதுவாகக் கேட்கிறதைக் கேட்டேன்.

"ஏனுங்க, நாந்தான். சொன்னபடி இருக்கறீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ தட்டை அவசரமாக நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு இறங்கிய குரலில் பதில் வந்தது. "ஒரே ஒரு போண்டாதான் தின்னேன் அம்மணி. அதுக்குள்ள உனக்கு யாரு சொன்னது?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் மசாஜ் நாற்காலியே நின்றுவிட்டது. தெய்வானை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குரல் என் தொண்டையை விட்டுப் போவதற்குள் அப்படியே பூட்டிடம் பேசச் சொன்னார். பேசினேன். திறக்கவில்லை. இன்னொரு தடவையும் பேசச் சொன்னார், அதற்கும் திறக்கவில்லை. அவர் குனிந்து வாய்க்குள்ளேயே "நாந்தான், தொற" என்று முணுமுணுத்தார். கிளிக். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து அக்கா பக்கத்தில் நின்றார். தெய்வானை அம்மா நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்:

"கலியாணம் பண்ணுன நாள்ல இருந்து எம்பட கொரலக் கேக்கற மனுசனே ஏமாந்துபோட்டாரு, இப்பத்தான் கேட்ட பூட்டு ஏமாறல. ரெண்டு கடைக்கும் அனுப்பிருங்க. எங்க ஊட்டுக்கு ஒண்ணு தனியா, பலகாரம் வெக்கற அலமாரிக்குப் பூட்டோணும்."

அவர் உடனே கணவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னபோது, போண்டா விஷயத்தில் ஒருதடவை ஏமாந்தது போதும், நீ யார் புள்ள என்று அந்த மனுஷன் கேட்டுவிட்டு வைத்துவிட்டதால், அன்றைக்குத் தெய்வானை அம்மாவைத் தெய்வானை அம்மாதான் என்று ஒத்துக்கொண்டது எங்கள் பூட்டு ஒன்றுதான்.