ஈஸ்வரபாண்டியின் வயிறும் வளைவுக் கருப்பனும்

போடியில் பெரிய பக்திமான் யார் என்று கேட்டால் ஜீப் டிரைவர் ஈஸ்வரபாண்டியைத்தான் கை காட்டுவார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நான் அவனுக்குப் பக்கத்து வீடு. அவனைப் பக்தனாக்கியது மச்சினன் வீட்டுக் காதுகுத்தில் போட்ட பிரியாணி.

அந்தப் பிரியாணி தின்றவர்களில் பாதிப் பேருக்குப் பேதி. மற்றவர்கள் நாலு நாளில் எழுந்து நடமாடினார்கள். இவனுக்கும் காய்ச்சல் விட்டது, வயிறுதான் பழைய நிலைக்கு வரவில்லை. விடிந்தால் வயிறு முறுக்கும், பிறகு ஒரே ஓட்டம். கிருமிதான் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிருமி மாத்திரையை ஏழு தடவை வாங்கி விழுங்கினான். மனைவி அனுசுயா மோர் கொடுத்தாள். மோரெல்லாம் ஒரு மருந்தா என்று தள்ளிவிட்டான்.

கடைசியில் தேனிக்குப் போய் டாக்டர் ஜெனிபரைப் பார்த்தான். ரத்தம், மலம், குடலுக்குள் குழாய் விட்டு ஒரு பார்வை, எல்லாமே நார்மல். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கெட்ட கிருமி எப்பவோ செத்துப்போச்சு. நீங்க மாத்திரையாப் போட்டு, குடல்ல குடியிருந்த நல்ல கிருமியையும் வெரட்டிட்டீங்க. குடல் அன்னைக்குப் பட்ட பயம் இன்னும் தெளியல. தெளியும், ஆனா மாசக்கணக்காகும்." மாத்திரையை நிறுத்தி, காரத்தைக் குறைத்து, மோர் குடித்துப் பார்க்கச் சொன்னார். வீட்டு மோரைக் குடிப்பதற்குத் தேனி வரைக்கும் போய் வந்திருக்கிறான், மடையன்.

அந்த 'நார்மல்'தான் அவனுக்கு எமனாக வந்தது. அவனுடைய முதலாளி சூரியபிரகாஷுக்கு மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லாத வயிற்றுக்கு லீவு எதற்கு, இன்னொரு நாள் ஜீப் பிந்தினால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்றார்.

ஜீப்பில் பதினான்கு பெண்கள், காய் எடுக்கப் போகிறவர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, எட்டு மணிக்குத் தோட்டத்தில் பேர் கொடுத்தாக வேண்டும். தவறினால் அத்தனை பேருக்கும் அரைநாள் கூலி போச்சு. அதனால் நடுவழியில் யாருக்காகவும் நிறுத்துவதில்லை, சாமியைத் தவிர. மலை உச்சியிலுள்ள மெட்டுக்குச் சற்றுக் கீழே, முதலாளியின் காப்பித்தோட்டத்து ஓரத்தில் வளைவுக் கருப்பன் நிற்கிறான். அவனுக்குச் சூடம் கொளுத்த நிறுத்தினால் மட்டும், ஏன் என்று கேட்க எந்த முதலாளிக்கும் தைரியம் கிடையாது.

ஈஸ்வரபாண்டி அதைப் பிடித்துக்கொண்டான். தினமும் நிறுத்துவான். சூடத்தைக் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நூறடி தள்ளியிருக்கும் பாறைக்குப் பின்னால் மறைந்துவிடுவான். கேட்டால் தியானமாம். பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்து வருவான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகப் பெண்கள் முன்னதாகவே வந்து ஜீப்பில் ஏறினார்கள், ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அவர்களில் மூத்தவள் பவுனு, இவன் பக்தியைப் போடி முழுக்கப் பரப்பினாள். மற்ற ஜீப்புகளும் அங்கே நிற்க ஆரம்பித்தன.

முதலாளி சும்மா இருப்பாரா? புதரை வெட்டி, பாறையை உடைத்து, கோயிலைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டு, தன் பெயரைப் பெரிதாகக் கல்லில் வெட்டி, பூசைக்கும் நாள் குறித்துவிட்டார்.

பூசைக்கு நானும் போயிருந்தேன். ஈஸ்வரபாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறை இருந்த பக்கம் பார்த்தான். வெட்டவெளி. பாவமாகத்தான் இருந்தது. முதலாளி மைக்கைப் பிடித்து, கருப்பனுக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று முழங்கிக்கொண்டிருந்தார். சட்டென்று பவுனு தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்தாள்.

"ஏலே, எனக்குத் தளம் எதுக்குடா? கதவு வச்ச ரூமு வேணும். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ரெண்டு. தண்ணிக்குழா வேணும். எந்த ஜீப்பும் இங்கன நின்னுதான் போகணும். இல்லேன்னா ஒன் தோட்டத்துல ஒத்தக் காய் தங்காது."

முதலாளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எல்லார் கண்ணும் பவுனு மேல் இருந்ததால், ஈஸ்வரபாண்டி காப்பிச்செடிகளுக்குள் பாய்ந்ததை என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரே மாதத்தில் மூன்று ரூமும் எழும்பிவிட்டன. மனுக் கொடுத்திருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். அதற்குள் மோர் குடித்துக் குடித்து இவன் வயிறும் கொஞ்சம் சமாதானமாகியிருந்தது. ரூம் திறந்த அன்று, திரும்பி வரும் வழியில், பவுனுவிடம், நிஜமாகவே சாமி வந்ததா என்று கேட்டிருக்கிறான். அவள் சொன்ன பதிலை அவனே என்னிடம் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு.

"அத விடு தம்பி. நீ பாறைக்கு எதுக்குப் போனேன்னு மொத நாளே எங்களுக்குத் தெரியும். நீ அங்கிட்டுப் போகையில நாங்க இங்கிட்டுப் புதருக்குள்ள ஒதுங்கிக்கிட்டோம். பதினாறு வருசமாப் பச்சத்தண்ணி பல்லுல படாமத்தான் ஜீப்புல ஏறுனேன். நீ நிப்பாட்டுன பெறகு அரை டம்ளர் குடிச்சேன். நாளைக்கு ஒரு சொம்பு குடிச்சிட்டு ஏறுவேன்."