திட்டுவதற்கு ஒரு மரக்கால் நெல்

மயிலாடுதுறையில் இருக்கும் மகளுக்குத் தேங்காய் கட்டி அனுப்ப ஒரு சாக்கு வேண்டும் என்று மனைவி கேட்க, போன வாரம் பரணில் தேடினேன். அடியில் கிடந்த ஒன்றை உதறியதும் நெல் சுணை மூக்கில் ஏறி நாலு தும்மல். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நீல பெயிண்டில் எங்கள் பழைய கால்பந்துக் கழகத்தின் பெயர், பாதி அழிந்து. கீழே மகன் செல்போனில் ஏதோ வெளிநாட்டு கிளப் பற்றிய செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓனர் கைவிட்டுட்டாராம்ப்பா. இனிமே இந்த டீம் அவ்வளவுதான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சங்கதியை முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் எப்போதோ பார்த்தாயிற்று.

அப்போது எனக்கு உரக்கடையில் வேலை. குழுவில் நான் கோல்கீப்பர். ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்ட பிறகு, எல்லோரும் கூடிப் பேசி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளரின் முக்கிய வேலை இந்தச் சாக்கைத் தூக்குவது. சம்பா அறுவடை முடிந்ததும் வீடு வீடாகப் போவேன். வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் கொட்டுவார்கள். அதை விற்றுத்தான் பந்து, வலை, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் எல்லாம். அறுத்த வயல் ஒன்றை அதன் சொந்தக்காரர் சும்மா விட்டுக்கொடுப்பார். நெல் அடித்தாளைச் சீவி மிதித்துவிட்டால் மைதானம்.

நெல் கொடுத்தவர்களுக்கு எங்களைத் திட்டும் உரிமை உண்டு. அதில் புஷ்பம் அக்காவை மிஞ்ச ஆளில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர், சொந்தமாக ஒரு மா நிலம், முப்பத்து மூன்று சென்ட். கோட்டோரம் நின்றுகொண்டு, "ஏன்டா செல்வம், என் நெல்லத் தின்னுட்டு பந்த வாய்க்காலுக்கா அடிக்கிற?" என்பார். செல்வம் எங்கள் பின்கள ஆட்டக்காரன்; அந்தக் குரலுக்குப் பயந்தே நன்றாக ஆடுவான். கோலில் நின்றவரை எனக்கும் விழுந்தது. "பந்து வர்றப்ப கும்பிட்டுக்கிட்டா நிப்ப?"

பிறகு ஹாஜியார் வந்தார். வளைகுடாவில் மூன்று கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், இன்றும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுமுறைக்கு வந்தவர் நான் சாக்கோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி, பந்து விளையாட வீடு வீடா போய் நிக்கிறீங்க? மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இனிமே எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன்" என்றார். அன்றே சாக்கை மடித்துப் பரணில் போட்டேன். சுணை அரிப்பு விட்டதே என்ற சந்தோஷம் வேறு.

நாலு வருஷம் ராஜ வாழ்க்கை. அவர் கடைப் பெயர் போட்ட மஞ்சள் ஜெர்சி, ஆட்டத்துக்கு ஆட்டம் பிரியாணி, கேரளாவிலிருந்து காசுக்கு ஆட வந்த வீரர்கள். வயல்காரருக்கும் வாடகை. குத்தாலம் வரை போய்க் கோப்பை வாங்கிவந்தோம். செல்வம் வெளியே உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினான். ஊர் வந்து பார்த்தது, கைதட்டியது. யாரும் திட்டவில்லை. அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வருஷம் அங்கே கடைகளை மூடிவிட்டு ஹாஜியார் ஊரோடு வந்து சேர்ந்தார். என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் என்னால முடியாதுங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். கேரளத்து ஆட்கள் வரவில்லை. வாடகை பழகிய வயல்காரர் சும்மா விடத் தயாரில்லை. நெல் சேர்ந்தால் கழகம் உண்டு, இல்லையென்றால் அதோடு சரி. சாக்கை எடுத்துக்கொண்டு முதலில் புஷ்பம் அக்காவிடம் போனேன்.

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். "ஹாஜியார் டீமுக்கு நான் எதுக்குத் தம்பி போடணும்?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அவரு இப்ப தர்றதில்லக்கா. பழையபடி நீங்கள்லாம்..." என்று இழுத்தேன்.

என் முகத்தைப் பார்த்தார். மரக்காலைத் தலைதட்டாமல் குவித்து நிரப்பிச் சாக்கில் கொட்டினார். "இது டீமுக்கில்ல, உனக்கு. உரக்கடையில என்னத்தக் குடுத்துடப் போறான். கொண்டுபோய் அரைச்சு சாப்புடு."

அடுத்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அம்மா அதை அவித்து அரைத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, சாப்பிட்டேன்.

அந்த வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை, அதன்பிறகு எந்த வருஷமும் இல்லை. செல்வம் சிங்கப்பூர் போனான். வயலில் இப்போது கோடையில் பருத்தி. தேங்காய்க்கு மனைவியிடம் வேறு சாக்கு எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் முன்பு முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் புஷ்பம் அக்காவைப் பார்த்தேன். கண்ணெதிரே ஒரு பஸ்ஸைத் தவறவிட்டுத் தொப்பையும் மூச்சிரைப்புமாக நின்றிருந்தேன். பழைய நாளாக இருந்தால் அதற்கே நாலு வார்த்தை விழுந்திருக்கும். விழும் என்று காத்துக்கூட இருந்தேன்.

"நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றார், யாரோ ஆபீசரைக் கேட்பதுபோல.